இழைக் கணக்கு தவறும் நாள்: ஒற்றைத் தலைவலியும் இளையோரின் நினைவும்

கோர்வைச் சேலை நெய்கிறவர்களுக்குத் தெரியும், கை பழக்கத்தில் ஓடினாலும் மனம் ஓரிடத்தில் நின்றே ஆக வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா. ஒவ்வோர் ஊடைக்கும் உடல் இழையும் கரை இழையும் கோத்துக்கொள்ளும் இடத்தில் கண் இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போடுகிறவரோடு தாளம் தப்பக் கூடாது. புட்டா வந்தால், இது எத்தனையாவது ஊடை என்ற எண்ணிக்கையும் கூடவே ஓடும். இருபத்திரண்டு வயதில் நன்றாகத் தேறிய ஒரு கை, ஒருநாள் காலையில் அந்த எண்ணிக்கையை விட்டுவிடுகிறது. கரை நாடா போட்டாயிற்றா இல்லையா என்பது நினைவில் இல்லை. நான்கு விரற்கடை நெய்தபின்தான் கோர்வை விட்டுப்போனது தெரிகிறது. அத்தனையும் பிரிக்க வேண்டும். “ராத்திரி பூரா செல்லை நோண்டிட்டிருந்தா இப்படித்தான் ஆகும்” என்று அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. மதியச் சோற்றுக்கு முன் நெற்றிப்பொட்டில் வலி தெறிக்கத் தொடங்குகிறது.

இதில் எது முதலில் வந்தது என்று பாருங்கள். கணக்கு தவறியது முதலில், வலி பிறகு. ஒற்றைத் தலைவலியை, அதாவது மைக்ரேனை, வெறும் வலி என்று எண்ணியே பழகிவிட்டதால் காலையில் நடந்த பிசகையும் மதியம் வந்த வலியையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கவனம் நழுவுவது, தெரிந்த சொல் வாய்க்கு வராமல் நிற்பது, கேட்டதும் மறப்பது எல்லாம் அந்த நோயின் பகுதிகள். வலிக்கு முன்பே தொடங்கி, வலி போனபின்னும் ஒருநாள் வரை தங்கக்கூடியவை. வீட்டில் உள்ளவர்களுக்கு இது புரிந்தால் பாதிச் சண்டை தீரும். சேலைக் கணக்கில் கூலி வாங்கும் குடும்பத்துக்குப் பிரித்து நெய்யும் வேலையும் குறையும்.

இது அபூர்வமான நோய் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் நகரத்திலும் கிராமத்திலும் வீடு வீடாகப் போய், 18 முதல் 65 வயது வரை உள்ளவர்களை விசாரித்தார்கள். அந்த ஓராண்டில் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம், ஏறக்குறைய நால்வரில் ஒருவர். உலக நோய்ச்சுமைக் கணக்கில், இளம்பெண்கள் இயலாமையோடு கழிக்கும் நாட்களுக்கு முதல் காரணம் மைக்ரேன்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட எத்தனை வீட்டில் இது இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் கேட்டால் “எனக்கு சைனஸ்” என்பார்கள், அல்லது வாந்தி வருவதால் “பித்தம் தலைக்கேறிடுச்சு” என்பார்கள். அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், சைனஸ் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்த 2,991 பேரைச் சோதித்தபோது 88 சதவீதத்தினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. துடிக்கும் வலி, மாடிப்படி ஏறினால் கூடுவது, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போவது, குமட்டல், மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் மைக்ரேனைத்தான் முதலில் நினைக்க வேண்டும். வலி இரண்டு பக்கமும் வரலாம்.

மூளை மங்கும் நேரங்கள்

லண்டன் ஆய்வாளர்கள் 97 பேரிடம் மின்னணுக் குறிப்பேட்டைக் கொடுத்து மூன்று மாதம் எழுதச் சொன்னார்கள். முடிவு 2003-இல் வெளியானது. தலைவலி வரப்போகிறது என்று அவர்கள் முன்கூட்டி எழுதியதில் 72 சதவீதம் பலித்தது. முன்னறிகுறிகளில் அதிகம் வந்தது அசதி. அடுத்தது கவனம் நிற்காமை, ஏறத்தாழ பாதித் தடவைகளில். அதற்கு இணையாகக் கழுத்து விறைப்பு.

இந்தக் கழுத்து விறைப்பைத் தறிக்காரர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். குழித்தறியில் குனிந்தே இருப்பதால் கழுத்து பிடித்தது, அதனால் தலை வலித்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படியும் நடக்கும்தான். ஆனால் பல தடவை கழுத்து விறைத்தபோதே மைக்ரேன் தொடங்கிவிட்டது. அதோடு ஓயாத கொட்டாவி, இனிப்பின் மேல் திடீர் ஆசை, அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எரிச்சல் இருந்தால், பசி, தூக்கம், மனநிலையை நடத்தும் ஹைபோதலாமஸ் என்ற மூளைப்பகுதி விழித்துக்கொண்டுவிட்டது என்று பொருள். வலிக்கு ஒருநாள், சில சமயம் இரண்டு நாள் முன்பே இது தொடங்கலாம். தறியில் முதல் பிசகு விழுவது இந்த நேரத்தில்தான்.

வலி ஏறியபின் மூளையின் வேகம் குறைகிறது. கேட்டதற்குப் பதில் வரத் தாமதமாகும். இரண்டு மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைக்கும் திறன் தளரும். “மறந்துட்டேன்” என்று இளையவர்கள் சொல்வது பெரும்பாலும் மறதியே இல்லை. சொசைட்டியில் சொன்ன கரை நிறம் அவர்கள் மனத்தில் பதியவே இல்லை. பதியாததைத் தேடினால் கிடைக்காது. ஆகவே வலி நேரத்தில் சொன்னதை “சொன்னேனே” என்று கணக்கில் வைக்காதீர்கள். மறுநாள் திரும்பச் சொல்லுங்கள்.

வலி போனபின் வருவது பலருக்கு ஏமாற்றமான கட்டம். ஆள் எழுந்து நடமாடுகிறார், முகம் தெளிந்திருக்கிறது. வீட்டில் “சரியாயிடுச்சில்ல, போய் உட்காரு” என்கிறார்கள். தலை கனமாக, நினைப்பு மெதுவாக, உடம்பு அடித்துப்போட்டாற்போல இன்னும் ஒருநாள் இருக்கலாம். நேற்றைய நஷ்டத்தை ஈடுகட்ட இந்த நாளில் இரட்டை வேலை பார்க்க உட்காருவதுதான் மிகப் பெரிய தவறு என்பேன்.

தலைவலி இல்லாத நாட்களிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரே சத்தத்தையோ ஒரே காட்சியையோ திரும்பத் திரும்பக் காட்டினால் சாதாரண மூளை சற்று நேரத்தில் அதைச் சட்டை செய்யாமல் விட்டுவிடும். மைக்ரேன் உள்ளவர்களின் மூளை அப்படி எளிதில் பழகிக்கொள்வதில்லை என்று மூளை மின்னலைச் சோதனைகள் பல காட்டியுள்ளன. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்த வீட்டில், நான்கு பேருக்குக் கேட்காமலே போன அந்த ‘டக்கு டக்கு’ ஐந்தாமவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கலாம். அவர் நடிக்கவில்லை.

சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் ஓர் ஒளி தோன்றும். பார்வையின் நடுவில் சிறு புள்ளியாகத் தொடங்கி, தாழம்பூ ரேக்குக் கரையின் பற்களைப்போல வளைந்து வளைந்து மினுங்கியபடி ஓரத்துக்கு நகரும். அதன் உள்பக்கம் சிறிது நேரம் எதுவும் தெரியாது. இதற்கு ஆரா என்று பெயர். 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நிற்கும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தமக்கு வந்த இந்த ஒளியையே வரைந்து அளந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-இல் எழுதினார். 1944-இல் பிரேசில் ஆய்வாளர் அரிஸ்டிடிஸ் லெயாவ் அதே மாதிரி மெல்ல நகரும் ஓர் அலையை முயலின் மூளையில் கண்டார். அந்த அலை கடக்கும் இடத்தில் நரம்பணுக்கள் சிறிது நேரம் ஓய்ந்துபோகின்றன. பேச்சுக்கான பகுதியைத் தொட்டால் பேச்சு குழறும். பெயர்கள் மாறி வரும். ஆரா நேரத்தில் வண்டி ஓட்டக் கூடாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஓடும் இயந்திரத்தின் முன் நிற்கிறவர்கள் உடனே லைன் சூப்பர்வைசரிடம் சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.

நினைவு ஒரேயடியாகப் போய்விடுமா?

இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்களை உள்ளுக்குள் அரிக்கும் பயம் இது. “இப்பவே இப்படி மறக்குதே, நாற்பது வயசுல என்ன ஆவேன்?” இதற்கு ஆறுதலான விடையே இருக்கிறது. பிரான்சின் நான்த் நகரில் முதியவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்த ஆய்வு 2011-இல் வெளியானது. மைக்ரேன் இருந்தவர்களின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறையவில்லை. ஸ்கேன் எடுத்தவர்கள் ரிப்போர்ட்டில் ‘வெள்ளைப் புள்ளிகள்’ என்று படித்துவிட்டுத் தூக்கம் கெடுவதுண்டு. நெதர்லாந்தில் ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வில், மைக்ரேன் உள்ள பெண்களுக்கு அப்படிப்பட்ட புள்ளிகள் கூடியிருந்தன. ஆனால் அவற்றுக்கும் நினைவுத் திறனுக்கும் தொடர்பு தென்படவில்லை. மங்கல் வந்து போகிற ஒன்று. தலைவலியே இல்லாத வாரங்களிலும் மறதி தொடர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள்; அது முதலில். தைராய்டு, பி12 குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் பார்க்கப்பட வேண்டும். மனச்சோர்வு மைக்ரேனோடு அடிக்கடி கூட வருவது; அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

இந்த ஊரில் கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரத்துக்கென்றே சில தூண்டுதல்கள் இருக்கின்றன. முதலாவது, கண்ணுக்கு முன்னால் இருக்கும் சேலை. நெருக்கமான, ஒரே அளவான, வெளிச்சம் இருட்டாக மாறி மாறி வரும் கோடுகள் மனிதக் கண்ணுக்குச் சிரமம் தருபவை. மைக்ரேன் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம் என்று பிரிட்டனில் அர்னால்டு வில்கின்ஸ் 1980-களிலிருந்து காட்டிவந்திருக்கிறார். வைரஊசியும் சிறு கட்டமும் அத்தகைய கோடுகள். அதன் மேல் ஜரிகை மினுக்கம், அதற்கும் மேல் சோக் பழுதாகித் துடிக்கும் டியூப் லைட். நெய்கிற டிசைனை மாற்றுவது உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். விளக்கை மாற்றலாம். துடிக்காத எல்.இ.டி. விளக்கைத் தலைக்கு நேர் மேலே தொங்கவிடாமல், ஜரிகையில் பட்டுக் கண்ணில் தெறிக்காத பக்கமாகச் சாய்த்துப் பொருத்துங்கள். அரை மணிக்கு ஒருதரம் தெருப்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

இரண்டாவது, வெறும் வயிறு. ஏகாதசி, ஆடி வெள்ளி, புரட்டாசி சனி என்று விரதங்களுக்குக் குறைவில்லாத ஊர். விரதத்தை விடச் சொல்லவில்லை. வழக்கத்தில் பால், பழம், இளநீர் ஒத்துக்கொள்ளப்பட்டதென்றால் அதை மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தவிர்க்க வேண்டாம். குழியிலிருந்து எழ வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் பல பெண்களிடம் உண்டு. அதை விட்டாக வேண்டும். காபி குடிக்கிறவர்கள் விரதநாளில் திடீரென நிறுத்தினால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும்.

மூன்றாவது, வெள்ளிக்கிழமைத் தலைக்குளியல். மும்பைத் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த ஒன்றுக்கு மருத்துவ இதழில் இடம் கிடைத்தது அப்போதுதான். உங்களுக்கும் அப்படியென்றால், சாப்பிட்டபின் இளஞ்சூட்டில் குளித்துப் பாருங்கள். ஈரத்தலையோடு கொண்டை போட்டு வெளியே கிளம்பாமல் நன்றாக உலர விடுங்கள். முக்கியமான முந்தி வேலை இருக்கும் நாளில் தலைக்கு ஊற்ற வேண்டாம். வேறு நாளில் குளியுங்கள்.

தூக்கம் பற்றிச் சொல்ல நிறைய வேண்டாம். வைகாசி கருட சேவைக்கு விடியுமுன் எழுந்து வரதராஜர் கோயிலுக்குப் போகிறவர்கள் முந்தைய இரவே ஒன்பது மணிக்குப் படுங்கள். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் கம்பெனியில் இருப்பவர்கள், மாறும் முதல் இரண்டு நாளைத் தலைவலி நாளாக எண்ணியே திட்டமிடுங்கள்.

மங்கல் நாளுக்கு ஏற்ற வேலை

கொட்டாவியும் கழுத்து விறைப்பும் தெரிந்தால் அன்று புதுப் புட்டா தொடங்காதீர்கள், பாவு பிணைக்காதீர்கள், நிறம் மாற்றாதீர்கள், கூலிக் கணக்கு பார்க்காதீர்கள். பிசகினால் பிரிக்க முடியாத, அல்லது பிரித்தால் பட்டு வீணாகும் எதையும் தள்ளிவையுங்கள். தார் சுற்றுவது, இழை ஒழுங்கு செய்வது, வெற்று உடல் நெய்வது சரி. எண்ணிக்கையை மனத்திலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்: தறிக்காலில் சாக்பீஸ் கோடு, அல்லது பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டு எண்ணுவது. முதலாளியோ சொசைட்டியோ சொல்லும் நிற வரிசையைப் போனில் குரலாகப் பதிந்துகொள்ளுங்கள். “ஒருதரம் திரும்பச் சொல்லுங்கண்ணா, பதிஞ்சுக்கறேன்” என்று கேட்பதில் குறைவில்லை.

கல்லூரி மாணவர்களுக்கும் இதுவேதான். மங்கல் நாளில் புதுப் பாடம் தொடாதீர்கள். ஏற்கெனவே தெரிந்ததை ஒருதரம் எழுதிப் பாருங்கள், அல்லது புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்குங்கள். அன்று படித்துத் தலையில் ஏறாததை வைத்து “எனக்குப் படிப்பு வராது” என்று முடிவு செய்வது அநியாயம்.

மாத்திரை

வலி சிறிதாக இருக்கும்போதே, டாக்டர் சொன்ன மருந்தைச் சொன்ன அளவில் போட வேண்டும். “தாங்க முடியலைன்னா பார்த்துக்கலாம்” என்று காத்திருந்தால், மைக்ரேன் நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடுவதால் விழுங்கிய மாத்திரை உள்ளேயே கிடக்கும். பாராசிட்டமால், நாப்ராக்சன் ஆகியவற்றில் அடங்காவிட்டால் சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் போன்றவை உண்டு. இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது.

பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை, டீ, மறுபடி தறி என்று நாள் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபின் முதலியவை கலந்த கூட்டு மாத்திரையையும் டிரிப்டானையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் அந்த மருந்தே அன்றாடத் தலைவலியை உண்டாக்கும். அப்புறம் மங்கல் நாளும் தெளிந்த நாளும் பிரித்தறிய முடியாமல் போகும். வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். தாண்ட வேண்டியிருந்தால் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து வேண்டும் என்று அர்த்தம்: புரோபிரனலால் (ஆஸ்துமா இருந்தால் கூடாது), அமிட்ரிப்டிலின், ஃபுளுனாரிசின், டோபிரமேட். இவற்றில் டோபிரமேட் சிலருக்குச் சொல் தேடித் தடுமாற வைக்கும், நினைவையும் மந்தமாக்கும். அமிட்ரிப்டிலினும் ஃபுளுனாரிசினும் தூக்கக் கலக்கம் தரலாம். மருந்து தொடங்கியபின் மறதி கூடியதென்றால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டோபிரமேட்டும், தடுப்பு மருந்தாகத் தரப்படும் வால்புரோயேட்டும் கருவைப் பாதிக்கும். ஆரா வரும் பெண்கள், கருத்தடை மாத்திரையோ, கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையோ கேட்கும்போது அதைக் கட்டாயம் தெரிவியுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்தவை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

டாக்டரிடம் போகும்போது

வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்டால் அதற்குள் ஒரு புள்ளி, மங்கல் மட்டும் இருந்தால் ஒரு கோடு, மாதவிலக்கு நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. ஏகாதசியும் அமாவாசையும் ஏற்கெனவே அச்சாகியிருப்பதால் விரதத்தோடு வலி சேர்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரியும். இரண்டு மாதத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த கட்டம் வேண்டுமென்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியோ, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் நரம்பியல் நிலையமோ இருக்கிறது. கையில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் வாங்கியவை உட்பட, கொண்டுபோங்கள். “தலை வலிக்குது” என்பதோடு நிறுத்தாமல், “அன்னிக்கு நாடா கணக்கு விட்டுப்போச்சு, பேர் ஞாபகம் வரலை” என்பதையும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

காலண்டர் எழுதக் காத்திருக்கக் கூடாத தலைவலிகளும் உண்டு. நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, ஒரு மணி நேரத்துக்கு மேல் திரும்பாத பேச்சு அல்லது பார்வை, வலிப்பு, தலையில் அடிபட்டபின் வரும் வலி, கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் புதிதாகத் தொடங்கும் கடும் வலி. இவற்றில் எது வந்தாலும் தைலம் தேய்த்துப் படுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள்.